மாகாணியில் மா போனால்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. எடுத்துக் கோப்பில் வைக்க மனம் வரவில்லை. எழுதியவர் ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாய். மகளுடைய கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கடிதத்தோடு இணைத்திருந்தார். 3/4 − 2/5 என்று ஒரு கணக்கு. அந்தப் பெண் மேலே இருக்கும் மூன்றிலிருந்து இரண்டைக் கழித்து ஒன்று என்று போட்டிருக்கிறாள். கீழே நாலும் ஐந்தும் இருக்கின்றன. நாலிலிருந்து ஐந்து போகாது. அதனால் ஐந்திலிருந்து நாலைக் கழித்து அங்கேயும் ஒன்று போட்டுவிட்டாள். ஒன்றின் கீழ் ஒன்று, ஆக விடை 1. விடைக்குக் கீழே அடிக்கோல் வைத்து இரண்டு கோடு இழுத்திருக்கிறாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

"இவளுக்குக் கணக்கே வராதா சார்?" என்று அம்மா கேட்டிருந்தார்.

அந்தப் பக்கத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்களை எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறாள்! அவள் செய்த தப்பிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. முந்தைய பாடத்தில் 5/8 − 2/8 போன்ற கணக்குகளைப் போட்டிருக்கிறாள். அங்கே மேலே இருப்பதை மேலே இருப்பதிலிருந்து கழித்தால் போதும், விடை சரியாக வந்துவிடும். கற்ற பழக்கத்தை அடுத்த பக்கத்துக்கும் எடுத்துப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். கணக்கு வராத பிள்ளை இப்படித் தப்புச் செய்யாது. அவளை ஒரே ஒரு கேள்வி கேட்க ஆளில்லாமல் போயிற்று: "முக்கால் வைத்திருந்தாய். அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாய். மிச்சம் எப்படியம்மா முழுசாக ஒன்று ஆயிற்று?"

அந்தத் தாய்க்கு அன்றே பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதே சிவப்புப் பெருக்கல் குறி எத்தனையோ வீடுகளில் இரவுச் சாப்பாட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கும். எனவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தக் கணக்குக்கே கொடுத்துவிடுகிறேன்.

அவருக்கு நான் முதலில் எழுதியது மைசூர்பாகைப் பற்றி. தட்டில் ஊற்றி ஆறிய மைசூர்பாகை நெடுக்கில் நாலு பட்டையாகவும் குறுக்கில் ஐந்து பட்டையாகவும் வெட்டினால் இருபது துண்டு. நெடுக்குப் பட்டை ஒன்று தட்டில் கால் பங்கு, அதில் ஐந்து துண்டு இருக்கிறது. குறுக்குப் பட்டை ஒன்று ஐந்தில் ஒரு பங்கு, அதில் நாலு துண்டு. இப்போது முக்கால் தட்டு என்றால் பதினைந்து துண்டு. ஐந்தில் இரண்டு பங்கு என்றால் எட்டுத் துண்டு. பதினைந்து துண்டில் எட்டு போனால் ஏழு. ஆக, இருபதில் ஏழு. மைசூர்பாகு கிண்டப் பொறுமை இல்லாதவர்கள் கணக்கு நோட்டிலேயே நாலுக்கு ஐந்தாகக் கட்டம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, கட்டத்தைத் தின்ன முடியாது. பிள்ளைக்கு மிச்சம் என்றால் என்ன என்பது தட்டைப் பார்த்தால் உடனே தெரியும்.

பாடநூல் இதை வேறு சொற்களில் சொல்கிறது. மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பகுதிகள் ஒன்றாக இருந்தால் ஓரினப் பின்னங்கள், வேறு வேறாக இருந்தால் வேற்றினப் பின்னங்கள். வேற்றினப் பின்னங்களைக் கழிக்க, பகுதிகளுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டு, ஓரினமாக்கி, பிறகு கழிக்க வேண்டும். 'இனம்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். மூன்று மாம்பழத்திலிருந்து இரண்டு தேங்காயைக் கழிக்க முடியாது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். கால் பங்குகள் ஓர் இனம், ஐந்தில் ஒரு பங்குகள் வேறோர் இனம். கீழே இருக்கும் எண் துண்டின் பெயர். மேலே இருக்கும் எண் அப்படிப்பட்ட துண்டு எத்தனை என்பது. பெயரிலிருந்து பெயரைக் கழித்துவிட்டதுதான் அந்தப் பெண் செய்த பிழை.

எனக்கு இது பள்ளியில் புரியவில்லை. அங்கே குறுக்குப் பெருக்கலை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான். கும்பகோணத்துக்குத் தெற்கே எங்கள் கிராமத்து வீட்டில், அப்பாயியின் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பித்தளை அளவைகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். படி, படியில் பாதி உரி, நாங்கள் அரைப்படி என்போம், அதில் பாதி உழக்கு, அதிலும் பாதி ஆழாக்கு. ஒருநாள் பக்கத்து வீட்டு அத்தை அரைப்படி அரிசி வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து ஓர் ஆழாக்கு மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னும் மூணாழாக்கு வரணும் தம்பி, கதவுல கோடு போட்டு வை" என்றார் அப்பாயி. அடுப்புக்கரியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மூன்று கோடு போட்டேன். அரைப்படியை அவர் மனதுக்குள்ளேயே நாலு ஆழாக்காக மாற்றிக்கொண்டார். நாலில் ஒன்று போக மூன்று. அதே வாரம் பள்ளியில் 1/2 − 1/8 போடச் சொன்னபோது நான் கரும்பலகைக்கு முன்னால் திகைத்து நின்றேன். கதவுக்குப் பின்னால் நானே போட்ட மூன்று கோடுதான் அந்த விடை என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அப்பாயியிடம் அதற்குப் பாத்திரங்கள் இருந்தன. அவருக்கும் முந்தைய தலைமுறைகளிடம் சொற்களே பாத்திரங்களாக இருந்தன. இந்த இடத்தில்தான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்திவைக்கப் போகிறேன்.

அரை, கால், முக்கால், அரைக்கால் ஆகியவற்றை நாம் இன்னும் சொல்கிறோம். அவற்றுக்குக் கீழேயும் ஒரு படிக்கட்டு உண்டு. இருபதில் ஒரு பங்குக்கு மா என்று பெயர். எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. (பாரதி பராசக்தியிடம் கேட்ட காணி ஒரு நில அளவு, இங்கே நாம் பேசும் காணி ஓர் எண்.) பத்தில் ஒன்று இருமா, ஐந்தில் ஒன்று நாலுமா. பதினாறில் ஒரு பங்குக்கு இரண்டு பெயர்கள் வழங்கின. ஒன்று வீசம், மற்றொன்று மாகாணி.

மாகாணி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மா, காணி. இருபதில் ஒன்றோடு எண்பதில் ஒன்றைக் கூட்டினால் பதினாறில் ஒன்று வருகிறது என்று அந்தப் பெயரே சொல்கிறது. சரிதானா என்று பார்ப்போம். ஒரு மாவுக்கு நாலு காணி. அதோடு ஒரு காணி சேர்ந்தால் ஐந்து காணி. எண்பதில் ஐந்து என்பது பதினாறில் ஒன்றேதான்.

இப்போது ஆறாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கொடுக்கிறேன்: 1/16 − 1/20. பாடநூல் வழியில் போனால் பதினாறுக்கும் இருபதுக்கும் மீச்சிறு பொது மடங்கு எண்பது. முதல் பின்னம் 5/80, இரண்டாவது 4/80. கழித்தால் 1/80. இதையே தமிழில் சொல்லுங்கள்: மாகாணியில் மா போனால் காணி. சொல்லின் முன்பாதியை எடுத்துவிட்டால் பின்பாதி மிஞ்சி நிற்கிறது! இதை முதன்முதலாகக் கண்டுகொண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மொழியை ஆண்ட யாரோ பொதுப் பகுதியைக் கண்டுபிடித்து, அதை ஒரு பெயருக்குள் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று வீசத்துக்கு மும்மாகாணி என்று பெயர். அதில் மும்மா போனால் முக்காணி. 3/16 − 3/20 = 3/80. காகிதம் வேண்டாம், வாயில் சொன்னாலே விடை வந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன், ஆசை விடவில்லை. கால் என்பது ஐந்து மா. அதில் நாலுமா போனால் ஒரு மா. 1/4 − 1/5 = 1/20. அரைக்காலில் இருமா போனால் அரைமா. 1/8 − 1/10 = 1/40. அந்தப் பெண் தடுமாறிய கணக்கும் இப்படித்தான். முக்கால் என்றால் பதினைந்து மா, ஐந்தில் இரண்டு என்றால் எட்டு மா, மிச்சம் ஏழு மா. ஏழு மாவில் ஐந்து மாவைக் காலாகக் கட்டிவிட்டால் காலே இருமா. மைசூர்பாகுத் தட்டில் மிஞ்சிய ஏழு துண்டுகளும் இந்த ஏழு மாவும் ஒன்றுதான்.

திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தப் பெயர்களை எண்சுவடியில் படித்தார்கள். முந்திரியிலிருந்து படிப்படியாக மேலே ஏறும் வாய்பாட்டை மணலில் விரலால் எழுதியும் உரக்கச் சொல்லியும் மனதில் ஏற்றினார்கள். காரி நாயனார் செய்த கணக்கதிகாரத்திலும் இந்தப் பெயர்கள்தாம் நிலத்துக்கும் நெல்லுக்கும் பொன்னுக்கும் பயன்படுகின்றன. ஒவ்வொரு பின்னத்துக்கும் தனித்தனி எழுத்துக்குறியும் இருந்தது. அந்தக் குறிகள் 2019-இல் யுனிகோடில் சேர்க்கப்பட்டுவிட்டன. முந்திரியைக் கணினியில் எழுத முடியும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மாவும் காணியும் ஏதோ ஓலைச்சுவடியோடு போய்விட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் இன்றும் நிலத்தை ஏக்கரில் சொல்வதைவிட மாவில் சொல்பவர்கள் அதிகம். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஏறக்குறைய மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். வேலியில் இருபதில் ஒரு பங்கு என்பதால் அந்த நிலத்துக்கும் மா என்றே பெயர். அப்பா தன் பங்கை "அஞ்சு மா" என்பார், பெரியப்பா "கால்வேலி" என்பார். இருவரும் ஒரே அளவைத்தான் சொல்கிறார்கள் என்பது தெரியாமல், பெரியப்பாவுக்குத்தான் நிலம் அதிகம் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய கோயிலில் விமானத்தை அண்ணாந்து பார்த்த பிறகு, கொஞ்சம் குனிந்து அதன் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளையும் பாருங்கள். 1010-இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த கோயில் அது. அங்கே அவன் கோயிலுக்கு எழுதிக் கொடுத்த ஊர்களின் கணக்கு வரிசையாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் அளந்தபடி மொத்த நிலம் இவ்வளவு வேலி என்று தொடங்குகிறது. பிறகு வரி இல்லாத நிலங்கள் வருகின்றன. குடியிருக்கும் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு. இவற்றுக்கெல்லாம் சேர்த்து நீங்கு நிலம் இவ்வளவு. அதை நீக்கி, வரி கட்ட வேண்டிய நிலம் இவ்வளவு. அதற்கு ஆண்டுதோறும் கோயிலுக்கு அளக்க வேண்டிய நெல் இவ்வளவு.

பார்த்தீர்களா, கல்லில் வெட்டியிருப்பது கழித்தல் கணக்கு. அதுவும் வேற்றினப் பின்னங்களின் கழித்தல். அளவுகள் முழு வேலிகளில் முடிவதில்லை. அரை, கால், மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரியோடும் நிற்காமல் 'கீழ்' என்ற சொல்லைப் போட்டு மேலும் இறங்குகின்றன. கீழ் என்றால் முந்நூற்றிருபதாகப் பிரித்த உலகத்துக்குள் இன்னொரு முறை முந்நூற்றிருபதாகப் பிரிப்பது. முந்திரியின் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே போகும் அளவுகள் அந்தக் கல்வெட்டில் உண்டு. ஒரு மண்வெட்டி அளவுகூட இல்லாத நிலத்துக்கு இத்தனை நுட்பமா என்று தோன்றலாம். எனக்குத் தோன்றுவது வேறு. அந்த ஊர்க்காரர் வாய்க்காலுக்கு விட்ட நிலத்துக்கு வரி கட்டக்கூடாது. அதைக் கழித்தே தீர வேண்டும், சரியாகக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டவரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவருக்குப் பொதுப் பகுதி தெரிந்திருந்தது.

இதையெல்லாம் அந்தத் தாய்க்கு எழுதி அனுப்பிய பத்தாம் நாள் தொலைபேசி வந்தது. பேசியது அம்மா இல்லை, மகள். மைசூர்பாகு செய்தார்களாம், வெட்டினார்களாம், கணக்கும் சரியாக வந்ததாம். "ஆனா அங்கிள், மூணுல ஒரு பங்குக்கு எத்தனை மா?" என்று கேட்டாள்.

நான் எதிர்பார்க்காத கேள்வி. நல்ல கேள்வி. ஒரு வேலி நிலத்தை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆறு மா கொடுத்தால் இரண்டு மா மிஞ்சும். இரண்டு மா என்றால் எட்டுக் காணி. ஆளுக்கு இரண்டு கொடுத்தால் இரண்டு காணி மிஞ்சும். இரண்டு காணி என்றால் எட்டு முந்திரி. அதிலும் ஆளுக்கு இரண்டு கொடுத்தால் மறுபடி இரண்டு மிஞ்சும். எவ்வளவு கீழே இறங்கினாலும் கொஞ்சம் மிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். இரண்டையும் ஐந்தையும் பெருக்கிக் கட்டிய வீடு முந்நூற்றிருபது. மூன்றுக்கு அங்கே இடமில்லை.

அப்போதுதான் என் அப்பா சொல்லும் அணாக் கணக்கு நினைவுக்கு வந்தது. 1957 ஏப்ரல் 1 வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ஆக ரூபாய்க்கு நூற்றுத்தொண்ணூற்றிரண்டு தம்படி. அங்கே மூன்றில் ஒரு பங்கு மிச்சமில்லாமல் உட்காரும்: ஐந்தணா நாலு தம்படி. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு உட்காராது. அதன் பிறகு ரூபாய்க்கு நூறு பைசா வந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு இருபது பைசா என்று இடம் கிடைத்தது, மூன்றில் ஒரு பங்கு வெளியே போயிற்று. அரைக்கால் ரூபாயான ரெண்டணாவுக்குப் பன்னிரண்டரைப் பைசா வந்தது, அரைப் பைசாவுக்கு நாணயமே இல்லை. கடிகாரத்தைப் பாருங்கள், அறுபது நிமிடம். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. அரை மணியில் மூன்றில் ஒரு பங்கு மணி போனால் முப்பது நிமிடத்தில் இருபது போகப் பத்து நிமிடம், அதாவது ஆறில் ஒரு பங்கு மணி. 1/2 − 1/3 = 1/6. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கச் சுவரில் மாட்டிய கடிகாரத்தைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆனால் ஏழில் ஒரு பங்கு வந்தால் கடிகாரமும் கைவிரித்துவிடும்.

இப்படி ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு காலமும் தனக்கென்று ஒரு பொதுப் பகுதியைத் தேர்ந்து வைத்துக்கொண்டது. அதற்குள் சிலர் வர முடிந்தது, சிலர் வர முடியவில்லை. பாடநூல் சொல்லும் வழியின் அருமை எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கிற்று. அது எந்த அளவையையும் முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்வதில்லை. வந்திருக்கும் இரண்டு பின்னங்களைப் பார்த்து, அந்த இரண்டுக்கும் பொருந்துகிற அளவை அப்போதைக்கப்போது தைத்துக் கொடுக்கிறது. மூன்றும் ஏழும் வந்தால் இருபத்தொன்று. பதினாறும் இருபதும் வந்தால் எண்பது. யாரையும் வெளியே நிறுத்துவதில்லை.

இந்த வழியை வடமொழிக் கணித நூல்கள் அழகான பெயரால் அழைத்தன: கலாசவர்ணம். கலா என்றால் பங்கு, சவர்ணம் என்றால் ஒரே நிறம். வேறு வேறு நிறத்துப் பங்குகளை ஒரே நிறமாக்குவது. கன்னட நாட்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், சுமார் 850-இல், மகாவீரர் என்ற சமண அறிஞர் கணித சார சங்கிரகம் என்ற நூலை எழுதினார். பகுதிகளுக்கு மீச்சிறு பொது மடங்கு காண்பது, அதை ஒவ்வொரு பகுதியாலும் வகுத்து, வந்த ஈவால் மேலும் கீழும் பெருக்குவது என்று இன்று ஆறாம் வகுப்பில் நடத்துகிற முறை அந்த நூலில் இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா அதைத் தெலுங்கில் பாடினார். 1912-இல் சென்னையில் எம். ரங்காசாரியார் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். ஓரினம், சவர்ணம். இரண்டு மொழிகளும் ஏறத்தாழ ஒரே உவமையைத்தான் பிடித்திருக்கின்றன.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். 5/6 − 3/8 என்ற கணக்கில் பிள்ளை ஆறையும் எட்டையும் பெருக்கி நாற்பத்தெட்டைப் பொதுப் பகுதியாகப் போட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 40/48-இல் 18/48 போக 22/48, சுருக்கினால் 11/24. இருபத்துநாலை எடுத்துக்கொண்டால் 20/24-இல் 9/24 போக நேராகவே 11/24. இரண்டும் சரியான வழிகள். மீச்சிறு என்பது வேலையைக் குறைக்கும் வசதி, அது இல்லாவிட்டால் கணக்கு தப்பாகிவிடாது. நாற்பத்தெட்டில் போட்டு முடித்துவிட்டு, சுருக்கும்போது இன்னும் சிறியதே போதுமாக இருந்ததே என்று பிள்ளை தானாகக் கண்டுகொள்ளட்டும். அந்தக் கண்டுபிடிப்பை அவர்களிடமிருந்து நாம் பறிக்க வேண்டாம்.

இன்னொன்று. பேனாவைத் தொடுமுன் விடை எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். முக்காலிலிருந்து அரைக்குக் கொஞ்சம் குறைவானதை எடுக்கிறோம், மிச்சம் காலுக்குக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும் என்று பிள்ளை சொல்லிவிட்டால், விடையாக 1 வரும்போது அதுவே துணுக்குற்றுத் திரும்பிப் பார்க்கும். பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் வாங்கி, முக்கால் முழத்தைச் சாமிப் படத்துக்குப் போட்டுவிட்டு மீதியைத் தலையில் வைத்துக்கொள்கிற பெண்ணுக்கு அது ஒன்றேகால் முழம் என்று தெரியும். தையற்கடையில் மூன்றேகால் மீட்டர் துணியில் ஒன்றரை போனால் ஒன்றேமுக்கால் என்று யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. அந்தத் தெரிதல் கணக்கு நோட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வர வேண்டியது நாம்தான்.

டிஜிட்டல் தராசில் காலுக்கு 250 என்றும் அரைக்கு 500 என்றும் எண் விழுகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 0.75-இல் 0.40 போனால் 0.35 என்று சட்டென்று சொல்லிவிடலாமே என்பார்கள். சொல்லலாம். அதுவும் பொதுப் பகுதிதான், எல்லாரையும் நூறு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டதால் வந்த சுலபம். நூறாக வெட்டியது யார், எதற்காக என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தும் பிள்ளைக்கும், தெரியாமல் பயன்படுத்தும் பிள்ளைக்கும் இயற்கணிதம் வரும்போது வித்தியாசம் தெரியும். அங்கே பகுதியில் எண்ணுக்குப் பதில் எழுத்து நிற்கும். அதை எந்தத் தராசும் நூறாக வெட்டித் தராது.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய எண்சுவடி ஏடோ, தாத்தா எழுதிய நெல் கணக்கு நோட்டோ இருந்தால், ஒரு பக்கத்தையாவது படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் ஊரில் மா, வீசம், உழக்கு, ஆழாக்கு போன்ற சொற்கள் இன்னும் எந்தெந்த இடத்தில் வழங்குகின்றன என்று எழுதுங்கள். மரக்கால் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும் என்பார்கள், உங்கள் ஊர் மரக்காலுக்கு எத்தனை படி என்பதையும் குறிப்பிடுங்கள். வருகிற இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்கி வைக்கிறேன்.

நேற்று அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு தபால் வந்தது. இந்த முறை அம்மா எழுதவில்லை. 1/3 − 1/7 என்று தானே ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு, மூன்றுக்கு ஏழாகக் கட்டம் வரைந்து, இருபத்தொரு கட்டத்தில் ஏழுக்கு வண்ணம் தீட்டி, அதில் மூன்றைப் பென்சிலால் அடித்திருந்தாள். மிச்சம் நாலு. 4/21. அடிக்கோல் வைத்து இரண்டு கோடு, முன்பு போலவே. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கேள்வி: "இருபத்தொன்றில் ஒன்றுக்கு என்ன பேர் அங்கிள்?"

எண்சுவடியில் அதற்குப் பெயர் இல்லை. நீயே ஒன்று வைத்து எழுது என்று பதில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்